ரவிக்கை மூட்டையும் நேசன் தாளும்

கேள்வி: அம்மா, எனக்கு வயது 27. கோலாலம்பூர் கெரிஞ்சியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் எழுதும் வேலை. மஸ்ஜிட் ஜாமெக்கில் ரயில் மாறி செந்தூல் வீட்டுக்கு வந்து சேர இரவு எட்டாகிவிடும். ‘வீட்டுக்குப் போயும் கோடிங் பண்ணாதவன் இந்தத் தொழிலில் தேற மாட்டான்’ என்கிறார் மேலாளர். அடுத்த ப்ராஜெக்டுக்காக நான் அமேசான் கிளவுட் சான்றிதழ் ஒன்று எடுக்க வேண்டுமாம். படிப்பது என் நேரத்தில், தேர்வுக் கட்டணம் 150 அமெரிக்க டாலரும் என் கைக்காசு. எனக்கோ இரவில் பூப்பந்து ஆடத்தான் ஆசை. நான் சோம்பேறியா?
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: தம்பி, முதலில் பூப்பந்தை விடாதே.

நான் 19 வயதில் பினாங்கு லெபோ பசாரில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன். மாஸ்டர் கத்தரியைத் தொடவே விடமாட்டார். ஊக்கு வைப்பது, காஜா எடுப்பது, ஹெம்மிங், அவ்வளவுதான் என் வேலை. தீபாவளி நெருங்கினால் பதினைந்து ரவிக்கைகளை மூட்டையாகக் கட்டி, “வீட்டில வச்சிப் பழகும்மா, கை வேகமாகும்” என்று கொடுத்தனுப்புவார். பழகினேன். மூன்று தீபாவளிக்குப் பழகினேன். ஊக்கு வைப்பதில் முதல் மாதத்துக்குப் பிறகு பழக என்ன இருக்கிறது? கூலி இல்லாத ஓவர்டைமுக்கு மனிதர் வைத்த பெயர் அது.

அதே வருடங்களில் இன்னொன்றும் நடந்தது. சாப்பாடு முடிந்ததும் பழைய தமிழ் நேசன் தாளைத் தரையில் விரித்து கட்டோரி பிளவுஸ் வெட்டிப் பார்ப்பேன். (2019 ஜனவரியோடு அந்தப் பத்திரிகை நின்றுபோனபோது எத்தனை பேர் வருந்தினார்களோ, அதை வெட்டித் தொழில் கற்றவள் நான் ஒருத்திதான் இருப்பேன்.) அளவுக்கு அம்மாவின் ரவிக்கை. முன்பக்கத்தில் கிண்ணம் மாதிரி வரும் துண்டைத் தனியாக வெட்டி இணைக்க வேண்டும். தாளில் கச்சிதமாக உட்காரும். துணியில் வெட்டினால் சுருக்கம் விழும். துணியை மூலைவாட்டில் இழுத்தால் நீளும், தாள் நீளாது. இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏற ஏழெட்டு மாதமாயிற்று. அப்பாவின் கிழிந்த கைலிகளெல்லாம் அதில் தீர்ந்தன. யாரும் என்னை வெட்டச் சொல்லவில்லை. தூக்கம் வந்தால் தாளை மடித்துவிட்டுப் படுத்துவிடுவேன்.

உன் சான்றிதழ் எனக்கு ரவிக்கை மூட்டையாகத்தான் தெரிகிறது. அவர்களுடைய ப்ராஜெக்ட்தானே, அவர்கள் நேரத்தில் படிக்க விடட்டுமே! 10 மலேசியர்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் பெரும்பாலான நிறுவனங்கள் மாதச் சம்பளத்தில் 1 விழுக்காட்டை எச்ஆர்டி கார்ப் என்ற அரசுப் பயிற்சி அமைப்புக்கு லெவியாக, அதாவது கட்டாயத் தொகையாக, கட்டியாக வேண்டும். அதைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. அந்தப் பணம் இருப்பதே ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கத்தான். ஆகவே சண்டை வேண்டாம், “லெவியில் வகுப்புக்கு அனுப்ப முடியுமா, வாரத்தில் இரண்டு மணி நேரம் அலுவலகத்திலேயே படிக்கலாமா?” என்று மின்னஞ்சலில் கேள். வாயால் கேட்டது காற்றோடு போய்விடும்.

வேலை நேரம் 2023 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 45 மணி என்று சட்டம் குறைத்தது, முன்பு 48. ஆனால் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் சம்பளம் வாங்குபவர்களுக்கு ஓவர்டைம் காசு கொடுத்தாக வேண்டிய கட்டாயமில்லை. உங்களைப் போன்ற பிள்ளைகளின் இரவைக் கேட்க இவர்களுக்கு நா கூசாததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சந்தேகம்.

‘தேற மாட்டான்’ என்றாரே, அதற்கும் ஒன்று சொல்கிறேன். பிற்பாடு நான் சொந்தக் கடை வைத்தபோது ஒரு பெண் இருந்தாள். ஆறு மணிக்குக் கத்தரியைக் கீழே வைத்தால் மறுநாள் காலையில்தான் தொடுவாள். கல்யாணப் பட்டு வந்தால் அவளிடம்தான் கொடுப்பேன். தையல் கோணிவிட்டால் மற்றவர்கள் பிரித்துத் திரும்பத் தைத்துவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அவள் பிரித்த துண்டை வெளிச்சத்தில் பிடித்து, எங்கே இழுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஊசியைத் தொடுவாள். கடை நேரத்திலேயே, என் சம்பளத்திலேயே பழகிக்கொண்டாள். வேலை மெதுவாகத்தான் நடந்தது. எனக்கு எரிச்சலும் வரும். ஆனால் அவள் தைத்தது திரும்பி வந்ததில்லை.

இரவில் உனக்காகவே எதையாவது எழுதிப் பார்க்கத் தோன்றினால் எழுது, மேலாளரிடம் காட்டாதே. தேர்வுக் கட்டணத்தை மட்டும் இப்போது கட்டிவிடாதே. மின்னஞ்சலுக்கு என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது.