ஜென்வியேவ் என்னும் பெயர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஜென்வியேவ் என்ற பிரெஞ்சுப் பெண்பெயருக்கு 'வெள்ளை அலை' என்று பொருள் என்கிறார்களே, சரியா?

பதில்: சரியன்று. ஆர்தர் மன்னனின் அரசிக்கு வேல்ஸ் மொழியில் வழங்கும் குவென்ஹ்விவார் என்ற பெயரின் முற்பகுதி வெண்மையைக் குறிக்கும். ஜெனிஃபர் அதன் வழிவந்தது. ஒலி ஒத்திருப்பதால் அந்தப் பொருளை இதன்மேலும் ஏற்றிவிட்டார்கள். ஒரு பெயர் எந்த நூற்றாண்டில், எந்த வடிவில் எழுதப்பட்டது என்று சொல்லாமல் பொருளை மட்டும் ஒற்றை வரியில் தரும் பெயர்ப் பட்டியல்களை நம்பாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் உண்மையான வேர் எது?

பதில்: இலத்தீன் ஏடுகளில் இப்பெயர் கெனோவேஃபா என்று வருகிறது. பாரிசின் அருகிலுள்ள நான்த்தேரில் 5ஆம் நூற்றாண்டில் பிறந்து, 451இல் அட்டிலாவின் ஹூணர் படை நெருங்கியபோது நகரத்தாரை ஓடவேண்டாம் என்று தடுத்து நிறுத்தியவராகப் போற்றப்படும் புனிதையின் பெயர் அது. ஜெர்மானிய வேர் என்போர், முற்பகுதியை 'குலம்' என்ற பொருளுடைய சொல்லோடும் பிற்பகுதியை 'பெண்' என்ற சொல்லோடும் இணைத்து, 'குலமகள்' என்ற பொருளைப் பெறுகிறார்கள். கோல் நாட்டில், அதாவது இன்றைய பிரான்ஸ் பகுதியில், பழங்காலத்தில் வழங்கிய கெல்டிய மொழியே மூலம் என்போரும் உண்டு.

கேள்வி: பாரிஸ் கெல்டியரின் ஊர். அங்கே பிறந்தவளுக்கு ஜெர்மானியப் பெயர் எப்படி வரும்? நீங்கள் கெல்டிய வாதத்தை ஒரே வரியில் ஒதுக்கியது நியாயமில்லை.

பதில்: நியாயமான தடை, விரிவாகவே சொல்கிறேன். கெல்டியத்தில் 'கெனோ' என்பது பிறப்பையும் குலத்தையும் குறிப்பது உண்மை. கி.மு. 52இல் இதே பாரிஸ் பகுதியில் ரோமானியரை எதிர்த்துப் படை நடத்திய கமுலோகெனுஸ் என்பவரின் பெயரிலேயே அது இருக்கிறது. k ஒலியில் தொடங்கும் ஜெர்மானியச் சொல் இங்கு ஏன் g ஒலியாயிற்று என்பதற்கு மறுதரப்பு திண்டாடுவதும் உண்மை. ஆனால் பிற்பகுதியான 'வேஃபா'வுக்குக் கெல்டியத்தில் உறுதியான துணை இல்லை. ஜெர்மானிய இனத்தாரான பிராங்கியரிடமோ 6ஆம் நூற்றாண்டில் கரிபெர்ட் மன்னனின் மனைவியாக மார்க்கோவேஃபா என்றொருத்தி நிற்கிறாள். ஆகவே பிற்பாதி ஜெர்மானியம் என்பதே என் துணிபு. முற்பாதியில் உங்கள் கட்சிக்கு இடம் உண்டு.

கேள்வி: புனிதையின் பெற்றோர் செவெருஸ், கெரொந்தியா. இவை பிராங்கியப் பெயர்களா?

பதில்: இல்லை, ஒன்று இலத்தீன், மற்றது கிரேக்கம். ரோமப் பேரரசின் பணியிலிருந்த பிராங்கியக் குடும்பங்கள் ரோமானியப் பெயர் சூட்டிக்கொள்வது அக்காலத்தில் அரிதன்று. தந்தையின் பெயரை வைத்து மகளின் பெயருக்கு வேர் தேடுவது, பல இனத்தார் கலந்து வாழ்ந்த அந்த நூற்றாண்டுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஜெனீவா நகரத்திலிருந்து வந்த பெயரா?

பதில்: இல்லை.

கேள்வி: ஜெனிஃபரும் இதுவும் ஒன்றுதானே?

பதில்: முதல் பதிலை அருள்கூர்ந்து படியுங்கள்.

கேள்வி: எண்கணிதப்படி இந்தப் பெயர் ராசியானதா?

பதில்: அது என் துறையன்று.

கேள்வி: பாரிசின் பாந்தியோனுக்கும் இந்தப் பெயருக்கும் என்ன உறவு?

பதில்: 1744இல் மெட்ஸ் நகரில் கடும் நோயுற்ற பதினைந்தாம் லூயி, பிழைத்தால் இப்புனிதைக்குப் பெருங்கோயில் எழுப்புவதாக நேர்ந்துகொண்டான், கட்டடக் கலைஞர் சுஃப்லோ அதை வடிவமைத்தார். புரட்சியாளர்கள் 1791இல் அதைப் பெருமக்களின் நினைவகமாக்கி, 1793இல் புனிதையின் எலும்புகளையும் எரித்தார்கள். அதே கட்டடத்தில் 2015இல் இடம்பெற்றவர்களுள் ஒருவர், நாஜிகளை எதிர்த்து ராவென்ஸ்புருக் முகாமில் அடைபட்டு மீண்ட ஜென்வியேவ் த கோல் அந்தோனியோஸ். இந்தப் பெயரின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழவைப்பது இதுதான்.

கேள்வி: எங்கள் பாட்டியின் பெயர் ஜெனோவா. அது இத்தாலிய ஊர்ப்பெயரா?

பதில்: அவ்வூரின் பெயரன்று என்றே கொள்ளலாம். பொய்ப்பழிக்கு ஆளாகிக் குழந்தையோடு காட்டில் வாழ்ந்து, மானின் பாலால் அதை வளர்த்த பிரபாந்து நாட்டு ஜென்வியேவின் கதை ஐரோப்பாவெங்கும் பரவியது. அந்தக் கதைத்தலைவி நம் கத்தோலிக்கரிடையே ஜெனோவா ஆனாள், எம்.ஜி.ஆர். நடித்து 1953இல் வந்த 'ஜெனோவா' படமும் அவள் கதையே.

கேள்வி: மகளுக்கு வைக்கப் போகிறோம். எப்படி ஒலிப்பது?

பதில்: பிரெஞ்சுக்காரர் பேச்சில் 'ஜென்-வியேவ்' என இரண்டே அசை, இறுதி 'வ்' தெளிவாக ஒலிக்க வேண்டும். வீட்டில் அழைக்க ஜினெத் என்ற பழைய செல்லப்பெயரும் உண்டு. பெயர்நாள், அதாவது புனிதையின் திருநாள், ஜனவரி 3.