கார் நுழையாத பனிக் கிராமத்தில் தங்கல்: கேள்வி பதில்

சுவிட்சர்லாந்தின் பனிச்சறுக்குக் கிராமங்களில் சிலவற்றுக்குள் கார் நுழையவே முடியாது. அங்கே அறை எடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதிக்கு மேல் செர்மாட் பற்றியவை. மீதி வெங்கன், மூரன், சாஸ்-ஃபே.

வாடகைக் கார் பதிவு செய்த பிறகுதான் செர்மாட்டுக்குள் கார் போகாது என்று தெரிந்தது. நான்கு பெரிய பெட்டிகள் இருக்கின்றன. ஹோட்டல் வரை எப்படிப் போவது?

பணம் போகாமல் ரத்து செய்ய முடிந்தால் காரை ரத்து செய்துவிடுங்கள். தங்கும் நாள் முழுக்க அது அடிவாரத்தில் சும்மா நிற்கும். வாடகையும் கட்டி, நிறுத்தக் கட்டணமும் கட்ட வேண்டிவரும்.

ரத்து செய்ய முடியாது என்றால், செர்மாட்டுக்கு 5 கி.மீ. முன்னால் உள்ள டெஷ் என்ற ஊர்வரை ஓட்டிச் செல்லலாம். அதற்கு மேல் அனுமதிச் சீட்டு உள்ள வண்டிகளுக்கு மட்டுமே சாலை. டெஷ் ஸ்டேஷனோடு சேர்ந்தே சுமார் 2,100 கார்கள் நிற்கும் கூரையிட்ட நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே தள்ளுவண்டி எடுத்து, பெட்டிகளை ஏற்றி, வண்டியோடு அப்படியே ரயிலுக்குள் தள்ளிக்கொண்டு போகலாம். பகலில் 20 நிமிடத்துக்கு ஒரு ரயில், பயணம் 12 நிமிடம். இரவு நேரம் ஆக ஆக இடைவெளி கூடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் போனால் நிறுத்துமிடத்தையும் முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

வடக்கிலிருந்து, அதாவது பெர்ன் பக்கத்திலிருந்து ஓட்டி வருபவர்கள் காண்டர்ஷ்டெக்கில் காரையே ரயிலில் ஏற்றி, கோப்பன்ஷ்டைனில் இறக்கிக்கொள்ள வேண்டும். வேறு வழிகள் உண்டு, ஆனால் சுற்று. காரை இத்தாலியிலோ பிரான்ஸிலோ எடுத்திருந்தால், சுவிஸ் நெடுஞ்சாலைக்கான 40 ஃபிராங்க் கட்டண வில்லை அதில் இருக்கிறதா, குளிர்கால டயர் போட்டிருக்கிறார்களா என்று சாவி வாங்கும்போதே பாருங்கள்.

ரயிலில் வருபவர்களுக்கு சூரிக் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய மூன்றரை மணி நேரம், ஜெனீவாவிலிருந்து சுமார் நான்கு மணி நேரம். இந்த இரண்டில் எங்கிருந்து கிளம்பினாலும் பொதுவாக விஸ்ப் ஸ்டேஷனில் (அறிவிப்பில் ‘ஃபிஸ்ப்’ என்று கேட்கும்) மாற வேண்டும். மலைமேல் போகும் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலப் பாதை என்பதால் பெரிய ரயில் அதில் ஏறாது. மாறுவதற்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆளுக்கொரு பெட்டி, தோளில் ஒரு பை, அதற்கு மேல் வேண்டாம்.

செர்மாட் ஸ்டேஷன் வாசலில் நிற்பவை சின்னச் சின்னப் பெட்டி போன்ற மின்வண்டிகள். சில ஹோட்டல்கள் தங்கள் வண்டியை இலவசமாக அனுப்பும், சில கட்டணம் வாங்கும், சிலவற்றில் வண்டியே கிடையாது. அறை பதிவு செய்தவுடன் ரயில் வந்து சேரும் நேரத்தை எழுதி, வண்டி வருமா, எவ்வளவு என்று கேட்டு பதிலை வாங்கி வையுங்கள். ஒரு விஷயம்: கார் இல்லாத ஊர் என்பதால் தெரு நடுவில் ஹாயாக நடக்கலாம் என்று நினைக்காதீர்கள். இந்த மின்வண்டிகள் சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கும். குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் அறை எடுப்பதா, மேட்டர்ஹார்ன் சிகரம் தெரியும் அறைக்குக் கூடுதலாகக் கொடுப்பதா?

இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டியது, தினமும் காலையில் சரிவுக்கு மேலே போக எந்த லிஃப்டில் (மலைமேல் ஏற்றிச் செல்லும் ரயில் அல்லது கேபிள் கார்) ஏறப்போகிறீர்கள் என்பது. கார் இல்லாத ஊரில் ஹோட்டலின் நட்சத்திரத்தை விட அதன் இடம்தான் பெரிது. மற்ற ஊரில் தவறான இடத்தில் அறை எடுத்தால் பத்து நிமிடம் வண்டி ஓட்டிச் சமாளிக்கலாம். இங்கே தவறான இடம் என்றால் கனமான ஸ்கீ பூட்ஸோடு, தோளில் சறுக்குப் பலகைகளோடு, ஐஸ் பிடித்த ஏற்றத்தில் நடக்க வேண்டும்.

செர்மாட்டில் மேலே போக மூன்று வாசல்கள். கார்னர்கிராட் பல்சக்கர ரயில் பெரிய ஸ்டேஷனுக்கு எதிரிலேயே கிளம்பும். 1898 முதல் ஓடும் இது 3,089 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. சுன்னெகாவுக்குப் போகும் சுரங்க ரயில் ஆற்றுக்கு அக்கரையில், ஸ்டேஷனிலிருந்து ஐந்தாறு நிமிட நடை. மூன்றாவது, 3,883 மீட்டர் உயரமுள்ள கிளைன் மேட்டர்ஹார்ன் பக்கம் போகும் கேபிள் கார். அது ஊரின் தென்கோடியில். ஸ்டேஷனிலிருந்து சாதாரணக் காலணியில் நடந்தாலே 15 முதல் 20 நிமிடம் ஆகும். பூட்ஸில் இன்னும் கூடும். ஊருக்குள் மின்பேருந்து உண்டு, ஆனால் காலை 9 மணிக்கு எல்லாருமே அதற்குத்தான் நிற்பார்கள்.

குடும்பத்தோடு, கற்றுக்கொள்ளப் போகிறவர்களுக்கு சுன்னெகா வாசலுக்கும் ஸ்டேஷனுக்கும் இடைப்பட்ட பகுதி நல்லது. நன்றாகச் சறுக்கத் தெரிந்து, பனியாற்றின் மேலும் இத்தாலிப் பக்கமும் போக நினைப்பவர்கள் தென்கோடியில் எடுக்கலாம். நடுவில், தேவாலயத்தைச் சுற்றி இருந்தால் எல்லாவற்றுக்கும் சுமாரான தூரம், கடைத்தெரு மட்டும் காலடியில்.

வரைபடத்தில் தூரத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அது ஏற்றத்தைக் காட்டாது. 400 மீட்டர் என்று தெரிவது செங்குத்தான சந்தாகவோ நூறு படியாகவோ இருக்கலாம். ஹோட்டலுக்கு எழுதும்போது ‘எவ்வளவு தூரம்’ என்று கேட்டால் ‘பக்கம்தான்’ என்று பதில் வரும். அதனால் மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள்: ஸ்டேஷனிலிருந்து நடக்க எத்தனை நிமிடம்? வழியில் படி உண்டா? அருகிலுள்ள லிஃப்ட் எது, அதற்கு எத்தனை நிமிடம்? ‘வாசலிலிருந்தே சறுக்கிப் போகலாம், வாசலுக்கே சறுக்கி வரலாம்’ என்று விளம்பரம் இருந்தால், ஊருக்குள் பனி குறைந்த நாளிலும் அது நடக்குமா என்று சேர்த்துக் கேளுங்கள். டிசம்பர் தொடக்கத்திலும் ஏப்ரலிலும் பல இடங்களில் நடக்காது.

தூரமான ஹோட்டல்தான் கிடைத்தது என்றால் ஒரு வழி இருக்கிறது. லிஃப்ட் அடிவாரத்தை ஒட்டிய வாடகைக் கடையில் பலகை, பூட்ஸ் இரண்டையும் எடுத்து, இரவில் அங்கேயே ‘டெப்போ’வில் வைத்துவிடுங்கள். சாதாரணக் காலணியில் போய், அங்கே மாற்றிக்கொண்டு ஏறலாம். வாடகைக்கு எடுத்தவர்களுக்குப் பல கடைகள் இதைச் செய்து தருகின்றன.

மேட்டர்ஹார்ன் தெரியும் அறை விஷயம்: மேகம் மூடினால் நாள் கணக்கில் சிகரம் தெரியாது. அதைப் பார்க்க ஊருக்குள்ளேயே தேவாலயப் பாலம் இருக்கிறது, காசு கிடையாது. அறையில் அதிக நேரம் இருக்கப்போகும் பெரியவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தகும். காலை எட்டரைக்குக் கிளம்பி மாலை ஐந்துக்குத் திரும்பும் சறுக்கல்காரர்களுக்கு, குளிர்காலத்தில் ஜன்னலில் தெரிவது இருட்டுதான். எடுப்பதென்றே முடிவு செய்தால், ‘மலை தெரியும் அறை’ என்று இருந்தால் போதாது. சுற்றிலும் மலைதான். மேட்டர்ஹார்ன் தெரியும் என்று பெயர் சொல்லி எழுதியிருக்க வேண்டும். பால்கனியின் ஓரத்தில் எட்டிப் பார்த்தால் தெரிவதா, படுக்கையிலிருந்து தெரிவதா என்பதும் கேட்கத் தக்க கேள்விதான்.

நாங்கள் யாரும் இதுவரை சறுக்கியதே இல்லை. செர்மாட்தான் வேண்டுமா?

வேண்டாம் என்போம். செர்மாட்டில் தொடக்கக்காரர்களுக்கான சரிவு ஊருக்குள் இல்லை. சுன்னெகாவுக்கு மேலே ஏறித்தான் போகவேண்டும். ஒருவருக்குக் கால் வலித்தாலும், குழந்தை அழுதாலும், மறுபடி ரயில் பிடித்து இறங்க வேண்டும்.

வெங்கனில் பழகும் சரிவு ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ஹோட்டலிலிருந்து நடந்து போகலாம், சலித்தால் நடந்து வரலாம். காரை லவுட்டர்புரூனன் நிறுத்துமிடத்தில் விட்டு, அங்கிருந்து பல்சக்கர ரயிலில் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். ஒரே குறை, உயரம் 1,274 மீட்டர்தான். பருவத்தின் இரு முனைகளிலும் ஊர்ச் சரிவில் பனி மெலிந்துவிடும். ஜனவரி நடுவில் லாவ்பர்ஹார்ன் பனிச்சறுக்குப் பந்தயம் நடக்கும் நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். அறையும் கிடைக்காது, ரயிலில் நிற்க இடமும் கிடைக்காது.

சாஸ்-ஃபே 1,800 மீட்டர். பனி நம்பகமானது, பழகும் சரிவும் ஊர் விளிம்பிலேயே. ஆனால் சுற்றி நிற்பவை 4,000 மீட்டர் சிகரங்கள் என்பதால் டிசம்பர், ஜனவரியில் வெயில் சீக்கிரம் மறைந்து குளிர் கடிக்கும். ரயில் கிடையாது, விஸ்ப்பிலிருந்து தபால் துறைப் பேருந்துதான். மூரன் இவற்றில் சிறியது, அமைதியானது, பார்க்க மிக அழகானது. சரிவுகள் கொஞ்சம் செங்குத்து. குடும்பத்தில் பாதிப் பேர் சறுக்காமல் சும்மா உட்கார்ந்திருக்க வருகிறார்கள் என்றால் மூரனை யோசியுங்கள்.

எப்போது பதிவு செய்தால் விலை குறையும்?

எப்போது பதிவு செய்கிறீர்கள் என்பதை விட, எந்த வாரம் போகிறீர்கள் என்பதுதான் விலையைத் தீர்மானிக்கும். கிறிஸ்துமஸிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரையும், ஐரோப்பியப் பள்ளி விடுமுறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழும் பிப்ரவரியிலும் உச்ச விலை. அந்த வாரங்களில் பல ஹோட்டல்கள் குறைந்தது 5 அல்லது 7 இரவு, அதுவும் சனி முதல் சனி வரை என்று கறாராக இருக்கும். மூன்று இரவு கேட்டால் ‘இடமில்லை’ என்றே திரை காட்டும். இடம் இருக்கும், உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். அந்த நிலையில் நேராக ஹோட்டலுக்கு எழுதுங்கள். இரண்டு பெரிய பதிவுகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட மூன்று நாள் இடைவெளியை அவர்களே நிரப்பப் பார்ப்பார்கள்.

பள்ளி விடுமுறை முடிந்த ஜனவரி நடுப்பகுதியும் மாத இறுதியும் மலிவு, பனியும் நன்றாக இருக்கும், குளிர் மட்டும் அதிகம். மார்ச் இரண்டாம் பாதியில் பகல் நீளம், வெயில் இதம். ஈஸ்டர் எப்போது விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செர்மாட்டில் பனியாற்றின் மேல் ஆண்டு முழுக்கச் சறுக்கலாம் என்பது உண்மை. ஆனால் ஏப்ரல் கடைசிக்கும் ஜூனுக்கும் இடையிலும், அக்டோபர், நவம்பரிலும் நிறைய ஹோட்டல்கள் கதவைச் சாத்திவிடும்.

திரையில் தெரியும் விலையில் 3.8% மதிப்புக் கூட்டு வரி அடங்கியிருக்கும். ஊராட்சி வாங்கும் விருந்தினர் வரி, தலைக்கு இரவுக்குச் சில ஃபிராங்க், பெரும்பாலும் அடங்காது. கிளம்பும்போது ரசீதில் சேரும். சறுக்கும் லிஃப்டுகளில் ஏறுவதற்கான சீட்டான ஸ்கீ பாஸும் தனிச் செலவு. ஸ்விஸ் டிராவல் பாஸ் செர்மாட் வரையிலான ரயிலுக்குப் போதும், சறுக்கும் லிஃப்டுகளுக்கு அது ஸ்கீ பாஸ் ஆகாது.

‘ஹாஃப் போர்டு’ எடுக்கலாமா? நாங்கள் சைவம்.

காலைச் சிற்றுண்டியும் இரவுச் சாப்பாடும் சேர்ந்த கட்டணம் அது. ஊருக்குள் கார் இல்லாததால் இரவு பனியில் உணவகம் தேடி அலைவது தொல்லை. உச்ச வாரங்களில் முன்பதிவு இல்லாமல் மேஜையும் கிடைக்காது. ஆகவே ஒரு வாரம் தங்குபவர்களுக்கு லாபம்தான். ஆனால் சாப்பாட்டு நேரம் குறிப்பிட்டது, நான்கைந்து வகைகள் வரிசையாக வரும். சைவம் என்பதை வந்து இறங்கிய பிறகு சொன்னால் தினமும் சீஸும் பாஸ்தாவும்தான். பதிவு செய்யும்போதே எழுதுங்கள். வெறுமனே ‘சைவம்’ என்று எழுதாமல், மீன் வேண்டாம், இறைச்சிச் சாறில் செய்த சூப் வேண்டாம், முட்டை சரியா இல்லையா என்று பிரித்து எழுதுங்கள். மாலை ரயில் தாமதமாகி எட்டரைக்கு மேல் வந்து சேர்ந்தால் முதல் நாள் சாப்பாடு போய்விடும். சிறிய ஹோட்டல்களில் ரிசப்ஷனையும் மூடியிருப்பார்கள். சாவி எங்கே இருக்கும் என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பனி கொட்டி வழி அடைபட்டால்?

நடக்கும். 2018 ஜனவரியில் பனிச்சரிவு அபாயத்தால் ரயிலும் சாலையும் மூடப்பட்டு, சுமார் 13,000 பயணிகள் செர்மாட்டில் மாட்டிக்கொண்டார்கள். சிலரை ஹெலிகாப்டரில் டெஷ் வரை இறக்கினார்கள். 2025 ஏப்ரலிலும் கடும் பனியால் ஊர் துண்டிக்கப்பட்டது. பள்ளத்தாக்குக்கு ஒரே வாசல், அதுதான் காரணம். ஆபத்து பெரும்பாலும் ஊருக்குள் இல்லை, வழியில். மூடிவிட்டார்கள் என்றால் உள்ளேயே இருந்து, அங்கே சொல்வதைக் கேளுங்கள்.

செய்ய வேண்டியது: கடைசி இரவை மலையில் வைத்து, மறுநாள் காலை விமானம் என்று திட்டமிடாதீர்கள். கடைசி இரவுக்கு விமான நிலையம் உள்ள நகரத்துக்கு இறங்கிவிடுங்கள். வழி மூடியதால் வர முடியாமல் போனால் அறைக் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, இறங்க முடியாமல் கூடுதல் இரவு தங்கினால் என்ன விலை என்று ஹோட்டலிடம் எழுத்தில் வாங்குங்கள். பயணக் காப்பீட்டில் தாமதத்துக்கும், மலை மீட்புக்கும் இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். காப்பீடு இல்லாமல் ஹெலிகாப்டர் மீட்பு நடந்தால் ரசீது உங்கள் பெயருக்குத்தான் வரும்.

ஒன்றரை வயதுக் குழந்தை, எழுபது வயது அம்மா. தள்ளுவண்டி ஓடுமா?

சின்னச் சக்கரம் பனியில் புதையும். ஊர்க்காரர்கள் குழந்தையைச் சாய்மானம் வைத்த மரச் சறுக்குவண்டியில் இழுத்துப் போவார்கள். அதை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். அம்மாவுக்குக் காலணியில் மாட்டும் இரும்புப் பல் பட்டை வாங்குங்கள். பகலில் உருகி இரவில் உறைந்த தெருவில்தான் பெரியவர்கள் விழுகிறார்கள். கார்னர்கிராட் ரயிலில் ஏறும்போது வலது பக்கம் உட்கார்ந்தால் மேட்டர்ஹார்ன் தெரியும். 3,883 மீட்டர் உயர கிளைன் மேட்டர்ஹார்னுக்குக் கைக்குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம், இதய நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அம்மாவும் போக வேண்டாம்.

என்ன பிளக்?

230 வோல்ட். மெல்லிய இரண்டு முள் பிளக் நேராகச் சேரும். தடித்த வட்ட முகமுள்ள ஐரோப்பிய பிளக் சேராது.

செர்மாட்டில் தங்கி, இத்தாலிக்குச் சறுக்கிப் போய்ச் சாப்பிட்டு வரலாமாமே?

வரலாம். எல்லை தாண்டும் பாஸாக வாங்க வேண்டும். சாதாரண செர்மாட் பாஸோடு இத்தாலிப் பக்க ஊரான செர்வீனியாவில் இறங்கினால் திரும்ப ஏறத் தனிச் சீட்டு எடுக்க வேண்டிவரும். இத்தாலியச் சரிவுகளில் 2022 முதல் பிறருக்கு நேரும் காயத்துக்கான பொறுப்புக் காப்பீடு கட்டாயம். பாஸ் வாங்கும் இடத்திலேயே நாள் கணக்கில் கிடைக்கும். காற்று பலமாக வீசினால் மேலுள்ள லிஃப்டுகளை முன்னறிவிப்பில்லாமல் நிறுத்துவார்கள். ஆகவே மதியம் சாப்பிட்டுவிட்டு இனிப்புக்காகக் காத்திராமல் கிளம்புங்கள். திரும்பும் கடைசி லிஃப்டைத் தவறவிட்டால் மலையைச் சுற்றிப் பல மணி நேர டாக்ஸிப் பயணம், அதுவும் செர்மாட் வாசல்வரை இல்லை, டெஷ் வரைதான். பாஸ்போர்ட்டை ஹோட்டல் பெட்டகத்தில் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், சட்டையின் உள்பையில் இருக்கட்டும்.