நோய்க்குப் பெயர் வைத்த பிறகு: சில கேள்விகள், பதில்கள்

மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். மருந்து எழுதுவது டாக்டரின் வேலை. சீட்டோடு வீடு திரும்பிய பிறகு நடப்பதெல்லாம் என் பக்கம் வரும். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: எனக்கு பைபோலார் (அளவு மீறிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்) என்று தெரிந்த நாளிலிருந்து, கொஞ்சம் சத்தமாகச் சிரித்தாலே வீட்டில் "மாத்திரை போட்டியா?" என்கிறார்கள். கோபப்பட்டால் கேட்கவே வேண்டாம்.

பதில்: எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான். பெயர் தெரிந்துவிட்டால் உங்கள் நியாயமான கோபமும் அறிகுறிக் கணக்கில் போய்விடுகிறது. இல்லை என்று மறுத்தால் அதுவும் அறிகுறி! 1973-இல் அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் 'சயன்ஸ்' இதழில் எழுதியது இதைப் பற்றித்தான். காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி 8 பேர் மனநல மருத்துவமனைகளில் சேர்ந்தார்களாம். சேர்ந்த பிறகு சாதாரணமாகவே நடந்துகொண்டார்கள். அவர்கள் குறிப்பு எழுதுவதைக்கூட ஊழியர்கள் நோயின் போக்காகப் பதிவு செய்தார்கள் என்கிறது கட்டுரை.

வீட்டில் செய்யக்கூடியது இது. நீங்கள் நன்றாக இருக்கும் ஒரு நாளில் எல்லோரும் உட்கார்ந்து உங்கள் முன்னறிகுறிகளை எழுதுங்கள். தூக்கம் குறைந்தும் களைப்பே தெரியாதது, வழக்கத்துக்கு மீறிய செலவு, பேச்சில் வேகம் என்று ஆளுக்கு ஆள் மாறும். அவை தென்பட்டால் மாத்திரை பற்றி அவர்கள் கேட்கலாம், நீங்கள் எரிந்து விழக் கூடாது. மற்ற நேரத்தில் உங்களுக்குக் கோபம் வந்தால், எதற்குக் கோபம் என்று கேட்பதுதான் முறை. சில வீடுகளில் இது நன்றாக வேலை செய்கிறது. சில வீடுகளில் அந்தத் தாளே இன்னொரு ஆயுதமாகிவிடும். அப்படி ஆனால் டாக்டர் முன்னால் வைத்துப் பேசுங்கள்.

கேள்வி: ரோசன்ஹான் ஆய்வே சந்தேகத்துக்குரியது என்று படித்தேனே?

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2019-இல் வெளியிட்ட புத்தகத்தில் அந்த ஆய்வின் நேர்மையைப் பற்றிப் பலமான கேள்விகளை எழுப்பினார். அதனால் அதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். 1988-இல் லூயிஸ், ஆப்பிள்பி என்ற இரு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மனநல மருத்துவர்களிடம் நோயாளி விவரங்களைக் கொடுத்து அபிப்பிராயம் கேட்டார்கள். 'ஏற்கெனவே ஆளுமைக் கோளாறு என்று கண்டறியப்பட்டவர்' (யோசிக்கும், பழகும் விதத்திலேயே நீண்டகாலச் சிக்கல் உள்ளவர்) என்ற குறிப்பு இருந்தால் போதும், மருத்துவர்களின் மனம் கசந்துவிட்டது. தொல்லை பிடித்தவர், கவனத்தை ஈர்க்கப் பார்ப்பவர் என்கிற தொனியில் பதில்கள் வந்தன. படித்தவர்களுக்கு இந்தப் பாகுபாடு வராது என்று நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

கேள்வி: அம்மாவுக்கு ஸ்கிசோஃப்ரினியா (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாத சந்தேகம் போன்றவை வரும் கடுமையான மனநோய்). வயிறு வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். போகிற இடத்தில் எல்லாம் "மனசுதான் காரணம்" என்று அனுப்பிவிடுகிறார்கள்.

பதில்: முத்திரை உயிரையே பாதிக்கும் இடம் இது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை அதில் ஒரு பகுதிதான். பெரும்பகுதி இதய நோய் போன்ற உடல் நோய்கள். புகைபிடித்தல், சில மருந்துகளால் கூடும் எடை, இவற்றோடு உடல் நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சேர்ந்துகொள்கிறது.

அடுத்த முறை கூடவே போங்கள். உடல் பிரச்சினையை முதலில் சொல்லுங்கள்: வலி எந்த இடத்தில், எப்போது தொடங்கியது, சாப்பிட்டால் கூடுகிறதா, எடை குறைந்ததா. அப்புறம் மருந்துப் பட்டியலைக் கொடுங்கள். அதை மறைக்கவே கூடாது. சில மனநல மருந்துகள் கடுமையான மலச்சிக்கலை உண்டாக்கும், வலிக்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதற்கும் கை விரித்தால், "இந்த நோய் இல்லாதவர் இதே வலியோடு வந்தால் என்ன டெஸ்ட் எழுதுவீர்கள்?" என்று பணிவாகக் கேளுங்கள். பெரும்பாலும் பேனா நகரும்.

கேள்வி: "மூளையில் ரசாயனக் குறைபாடு, அவ்வளவுதான்" என்று எல்லோருக்கும் விளக்கினால் களங்கம் போய்விடாதா?

பதில்: பாதி போகும். நோயாளியின் மேல் பழி போடுவது குறைகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் மூளையே அப்படி என்றால் இவர் தேறவே மாட்டார் என்ற எண்ணமும் கூடவே வளர்கிறது. தேறி வந்த ஒருவரோடு நேரில் பழகுவது பெரியவர்களிடம் இதைவிட நன்றாக வேலை செய்கிறது.

கேள்வி: அலுவலகத்தில் சொல்லலாமா?

பதில்: சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது. முதலில் தேவையை மட்டும் சொல்லுங்கள்: இரவு ஷிஃப்ட் வேண்டாம், மாதம் ஒரு நாள் மருத்துவமனை போக வேண்டும். சட்டப்படி சலுகை வேண்டுமானால் நோயின் பெயர் தேவைப்படலாம். அப்போது எழுத்தில், உரிய அதிகாரிக்கு மட்டும். பக்கத்து இருக்கைக்காரருக்கு நல்ல மனசாக இருக்கலாம், அதற்காக அவரிடம் தொடங்காதீர்கள்.

கேள்வி: கல்யாணம் பேசும்போது?

பதில்: வாழப்போகிறவரிடம் மறைக்காதீர்கள். அவருடைய சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

கேள்வி: இவ்வளவு சிக்கல் என்றால் இந்தப் பெயர்களே வேண்டாம் என்று விட்டுவிடலாமே?

பதில்: எனக்கும் சில நாள் அப்படித் தோன்றும். ஆனால் சோம்பேறி என்று திட்டு வாங்கியே வளர்ந்த ஒருவர், தனக்கு இருப்பது ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காமல் தடுமாற வைக்கும் குறைபாடு) என்று தெரிந்ததும் நிம்மதியில் அழுததைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வராது. சிகிச்சை, விடுப்பு, காப்பீடு எல்லாம் அந்தப் பெயரை வைத்துத்தான் நடக்கின்றன.

அதற்காக அதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருபால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 வரை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் 1990 வரை. தனி ஆளின் ஃபைலிலும் மனச்சோர்வு என்று எழுதியது பிறகு பைபோலார் என்று மாறுவது உண்டு. எதை வைத்து முடிவு செய்தீர்கள், எப்போது மறுபடி பார்ப்பீர்கள் என்று டாக்டரிடம் தாராளமாகக் கேளுங்கள். "நமக்கு இதுதான், இனி முயற்சி செய்து என்ன ஆகப்போகிறது" என்ற எண்ணம் வந்தால் அதையும் அதே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சையில் இடம் உண்டு.