வெள்ளை வாத்துக்குக் கறுப்புக் குஞ்சு எப்படி?

கேள்வி: காக்கி கேம்ப்பெல் ரக ஆண் வாத்தை வெள்ளை பெக்கின் ரகப் பெட்டைகளோடு விட்டேன். 11 குஞ்சுகள் பொரித்தன. ஒன்றுகூட வெள்ளை இல்லை, காக்கியும் இல்லை. சில கறுப்பு, சில காபித்தூள் நிறம். நெஞ்சில் மஞ்சள் திட்டு. கலப்பு வாத்தைத் தலையில் கட்டிவிட்டார்களா? அடுத்த ஈட்டின் நிறத்தை முன்கூட்டியே சொல்ல முடியுமா?

பதில்: விற்றவர் மேல் கோபப்படாதீர்கள். சுத்தமான பெக்கினிடமும் இப்படித்தான் குஞ்சு வரும்.

பெக்கினின் வெள்ளை, வெள்ளையடித்த சுவர் மாதிரி. அடியில் வேறு வண்ணம் இருக்கும். பெரும்பாலும் அது கறுப்பு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வெள்ளை மரபணு வந்தால்தான் அந்தப் பூச்சு ஏறும். உங்கள் குஞ்சுகளுக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே வந்ததால், ஒளிந்திருந்த கறுப்பு வெளியே வந்துவிட்டது. அந்தக் கறுப்பு ஓங்கு பண்பு. காக்கியின் சாயலை அமுக்கிவிடும். நெஞ்சுத் திட்டு, சிறகு முளைத்ததும் வெள்ளையாகத் தெரியும்.

சரி, காபித்தூள் நிறம் எங்கிருந்து வந்தது? உங்களுக்குக் காசாகப் போகும் விஷயமே இதுதான். காக்கியின் பழுப்பு மரபணு, ஆணா பெட்டையா என்பதோடு தொடர்புள்ள இசட் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. பறவைகளில் ஆணுக்கு இரண்டு இசட், பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டைக் குஞ்சு தன் ஒரே இசட்டைத் தகப்பனிடமிருந்து வாங்குகிறது; அதில் பழுப்பு இருந்தால் தடுக்க ஆளில்லை, கறுப்பு வெளுத்து காபி நிறமாகிவிடும். ஆண் குஞ்சுக்குப் பழுப்பு இல்லாத தாயின் இசட்டும் கிடைப்பதால் கறுப்பாகவே நிற்கும். ஆகவே உங்களிடம் கறுப்பெல்லாம் ஆண், காபி நிறமெல்லாம் பெட்டை. குரல் மாறும்வரை, வால் சுருளும்வரை காத்திருக்காமல் முதல் நாளிலேயே பிரித்துவிடலாம்.

ஜோடியை மாற்றி, பெக்கின் ஆணைக் காக்கிப் பெட்டையோடு விட்டால் இந்த வித்தை நடக்காது. இரு பாலும் கறுப்பாகவே வரும். இப்போது வந்த குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தாலும் நிறத்தை வைத்துப் பால் சொல்ல முடியாது. அதில் நான்கில் ஒன்று வெள்ளையாக வரும் என்பது கணக்கு. ஆனால் கணக்கு என்பது நாணயம் சுண்டுவது போலத்தான்: 8 குஞ்சில் ஒரு வெள்ளைகூட இல்லாமல் போகப் பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

ஒரு கறுப்பு வாத்து வெள்ளையை மறைத்து வைத்திருக்கிறதா என்று பார்க்க அதை வெள்ளை வாத்தோடு சேருங்கள். மறைத்திருந்தால் பாதிக் குஞ்சுகள் வெள்ளையாக வரவேண்டும். 8 குஞ்சிலும் வெள்ளை இல்லையென்றால் அது மறைத்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மறைத்திருந்தும் அப்படி நடப்பது 256-இல் ஒரு தடவைதான்.

மணிலா வாத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு ரகமல்ல, வேறு உயிரினமே. கலப்பில் வரும் குஞ்சுகள் மலடு.

அப்புறம் ஒன்று. ஆணை மாற்றிய மறுநாளே முட்டை எடுத்து அடை வைத்துவிட்டு நிறம் தப்பாகிவிட்டது என்று பலர் வருகிறார்கள். பழைய ஆணின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரம்வரைகூடத் தங்கும். 3 வாரம் விட்டு எடுத்த முட்டைகளையே அடை வையுங்கள். அதற்கு முந்தியவை ஆம்லெட்டுக்கு.