எண்ணோடு ஒரு வினா

கேள்வி: 4,29,49,67,297 என்ற எண்ணைச் சிறு எண்களால் வகுத்துப் பார்த்தேன், மீதி வந்துகொண்டே இருக்கிறது. இது பகா எண்தானா?

பதில்: இல்லை; ஆனால் தாங்கள் மட்டுமல்ல, 17ஆம் நூற்றாண்டுக் கணித மேதை ஃபெர்மாவும் அவ்வாறே நம்பினார். இரண்டை 32 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் இவ்வெண், இரண்டை 1, 2, 4, 8, 16 முறை பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் 3, 5, 17, 257, 65,537 என்னும் பகா எண்களை அடுத்து வருவது என்பதால், அவருடைய நம்பிக்கையைக் குறை கூற இயலாது.

1732இல் கணித அறிஞர் ஆய்லர் இதனை 641 × 67,00,417 எனப் பிரித்துக் காட்டினார். இதன் பகாக் காரணி எதுவாயினும் 64ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும் என்பதை அறிந்தால், சோதிக்க வேண்டிய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 எனச் சுருங்கிவிடுகின்றன. ஐந்தாவதிலேயே விடை கிடைக்கிறது. 641, 67,00,417 ஆகிய இரண்டும் பகா எண்களே என்பதால், 1ஐயும் இவ்வெண்ணையும் சேர்த்து வகுத்திகள் நான்குதான்.

எனக்குப் பிடித்த பண்பு வேறு. இவ்வெண் 65,536, 1 ஆகியவற்றின் வர்க்கங்களின் கூடுதல். 62,264, 20,449 ஆகியவற்றின் வர்க்கங்களைக் கூட்டினாலும் இதுவே வரும். பகா எண் எதனையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக இரு வேறு வழிகளில் எழுத இயலாது. எனவே, காரணியைத் தேடாமலேயே இது பகு எண் என்று சொல்லிவிடலாம்.