பாட் எழுதும் மகன்: கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் மகன் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு. கேம்பஸ் இன்டர்வியூ நெருங்கும் நேரத்தில், ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஸ்லாக் என்ற சாட் ஆப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கேட்டால் "பாட் எழுதுறேன்" என்கிறான். பாட் என்றால் தானாகவே செய்தி அனுப்பும் சின்ன புரோகிராம். இது உருப்படுகிற வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். உருப்படுகிற வேலைதான் அம்மா.

ஸ்லாக்கை ஆபீஸ்காரர்களின் வாட்ஸ்அப் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2014-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், 2021-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் வாங்கிவிட்டது. அதில் பேசுவது ஆட்கள் மட்டுமில்லை. சர்வர் படுத்துவிட்டால் கூப்பாடு போடுவதும், புது கோடு (புரோகிராம் வரிகள்) ஏறிவிட்டது என்று சொல்வதும் பெரும்பாலும் பாட்கள்தான். கோடைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப் கம்பெனி இதற்காகவே ஹூபாட் என்று ஒன்றை எழுதி, 2011-இல் ஓப்பன் சோர்ஸாக, அதாவது யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, வெளியிட்டது. இன்றைக்குப் பைத்தான் என்ற புரோகிராம் மொழி தெரிந்த பையனுக்கு ஸ்லாக்கே ஒரு மாட்யூல் (முன்பே எழுதிவைத்த கோடு) தருகிறது, ஸ்லாக் எஸ்டிகே என்று பெயர். நாலைந்து வரியில் ஒரு சேனலுக்கு, அதாவது ஸ்லாக்கில் உள்ள ஒரு குழுவுக்கு, செய்தி போய்விடும்.

அந்த நாலைந்து வரி ஓடின பிறகுதான் படிப்பே ஆரம்பம். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவி மாட்யூல் இல்லாமல் நேரடியாக ஏபிஐ-க்கு (புரோகிராம்கள் ஸ்லாக்கோடு பேசும் வாசல்) செய்தி அனுப்பினாள். இரண்டு நாளாகச் சேனலில் ஒன்றும் வரவில்லை. நடந்ததையெல்லாம் பதிவு செய்யும் லாக் ஃபைலைத் திறந்தால் எல்லா வரியிலும் 200, அதாவது 'சரியாகப் போய்ச் சேர்ந்தது'. மூன்றாம் நாள்தான் பதிலின் உள்ளே பிரித்துப் பார்த்தாள்: 'ஓகே' என்ற இடத்தில் 'ஃபால்ஸ்', பக்கத்தில் 'நாட் இன் சேனல்'. பாட்டை அந்தச் சேனலுக்குள் யாரும் அழைக்கவே இல்லை! மாட்யூல் வழியாகப் போயிருந்தால் அதுவே எர்ரர் எழுப்பிக் காட்டிக்கொடுத்திருக்கும். இன்டர்வியூவில் அவள் இந்தக் கதையைத்தான் சொன்னாள். அடுத்தடுத்த கேள்வியெல்லாம் அதை ஒட்டியே வந்தன.

உங்கள் மகனும் இப்படி முட்டி மோத வேண்டும். ஒரு சேனலுக்கு நொடிக்கு ஒரு செய்திதான் கணக்கு. அதைத் தாண்டி அனுப்பிக்கொண்டே இருந்தால் 429, அதாவது 'அளவு மீறிவிட்டது' என்று திருப்பி அனுப்பி, எத்தனை நொடி பொறுக்க வேண்டும் என்பதையும் ஸ்லாக் சொல்லும். அதைப் படித்துக் காத்திருக்கும்படி எழுதியிருக்கிறானா? அப்புறம் டோக்கன். அது பாட்டின் சாவி. கோடுக்குள்ளேயே எழுதி கிட்ஹப்பில் ஏற்றுவது, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு ஊருக்குப் போகிற மாதிரி. அந்த வரியை அழித்தாலும் பழைய கமிட்டில் (முன்பு சேமித்த பதிப்பில்) அப்படியே இருக்கும். அதனால் டோக்கனையே ரத்து செய்துவிட்டுப் புதிது வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு இதில் கோட்டைவிட்டால் சின்னத் தப்பாகப் போகாது. இப்போதே பழகிவிடுவது நல்லது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். நிறைய கேம்பஸ் தேர்வுகளில் முதல் சுற்று ஆப்டிட்யூட். அதில் விழுந்துவிட்டால் பாட்டைப் பற்றிக் கேட்க ஆளே இருக்காது. காலையில் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்கட்டும். 'பாட் கோர்ஸ்' என்று யாராவது பணம் கேட்டால் கட்டாதீர்கள், ஸ்லாக்கின் ஆவணங்கள் இலவசம். ரெஸ்யூமேயில் ஐந்து பாட் வேண்டாம். பிராஜெக்ட் குழுவில் நாலு பேர் தினமும் பார்க்கிற ஒரு பாட் போதும்.

இன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். "இது பேசாம நின்னுபோச்சுன்னா உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் திட்டாதீர்கள் அம்மா. அடுத்த வாரம் அவன் எழுத வேண்டியது அந்தப் பகுதியைத்தான்.