இரண்டு உலோகத் தூள், ஒரே பாகம்: கேள்வி பதில்

ஒரு முனையில் ஓர் உலோகமாகவும் மறுமுனையில் வேறொன்றாகவும் மெல்ல மாறும் பாகங்களை, தூள் கலந்து லேசர் அச்சில் எழுப்புவது பற்றி வந்த கேள்விகள் இவை.

பற்றவைத்தால் போதாதா? இவ்வளவு பாடு எதற்கு?

சில ஜோடிகளுக்குப் போதும், எல்லாவற்றுக்கும் அல்ல. 304எல் என்ற துருப்பிடிக்காத எஃகையும், இன்வார் 36 என்ற இரும்பு-நிக்கல் கலவையையும் பாருங்கள். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் மீட்டருக்கு எஃகு 17 மைக்ரோமீட்டர் அளவு நீளும். இன்வார் ஒன்றோ இரண்டோதான். ஒட்டிய கோட்டிலேயே முழு இழுவிசையும் குவியும். மெல்ல மாற்றினால் அது பரவிவிடும். 1984-இல் ஜப்பானின் விண்விமானத் திட்டத்தில் இந்த எண்ணம் உருவானதும் வெப்பத்தால்தான்: வெளிப்பரப்பில் 2000 கெல்வின், 10 மி.மீ. தடிமனுக்குள் 1000 கெல்வின் வித்தியாசம்.

ஐயா, டைட்டானியத்திலிருந்து எஃகுக்குப் பத்துப் பத்து சதவீதமாக மாற்றினேன். நடுவில் விரிசல். படியை ஐந்து சதவீதமாகக் குறைக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. இரும்பும் டைட்டானியமும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்ற விகிதங்களில் சேர்மமாகிவிடும். இரண்டுமே கண்ணாடிபோல் நொறுங்குபவை. படியைக் குறைத்தால் நொறுங்கும் பகுதி இன்னும் தடிமனாகலாம். நேர்வழியை விட்டு, வனேடியம் வழியாகச் சுற்றிப் போங்கள். உயர்வெப்பத்தில் அது டைட்டானியத்தோடு எல்லா விகிதத்திலும் கரையும். ஆனால் வனேடியத்திலிருந்து எஃகுக்கு இறங்கும்போதும் ஆபத்து உண்டு: சிக்மா என்ற நொறுங்கும் கட்டம். எஃகில் குரோமியம் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். மூன்று உலோகங்கள் எந்த விகிதத்தில் கலந்தால் எந்தக் கட்டம் உருவாகும் என்று காட்டும் முப்பொருள் நிலைமை வரைபடத்தை முதலில் விரித்துவைத்து, எந்தக் கலவைகள் வழியாகப் போகிறோம் என்று பென்சிலால் கோடு போடுங்கள். அந்தக் கோடு போடாமல் இயந்திரத்தை இயக்குவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன்.

எங்களிடம் தூள் படுக்கை இயந்திரம்தான் (தூளை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்குவது) இருக்கிறது. முடியுமா?

கடினம். வழக்கமான இயந்திரம் ஒரே தூளைத்தான் பரப்பும். இரண்டு ஹாப்பரிலிருந்து, அதாவது தூள் கலன்களிலிருந்து, லேசர் படும் இடத்தில் தூளை ஊதும் முனைக்குத் தூள் அனுப்பும் வகைதான் இதற்குப் பொருத்தம். அதற்குத் தூளும் பெரிதாக இருக்கவேண்டும்: சுமார் 45 முதல் 150 மைக்ரோமீட்டர்.

ஐம்பது சதவீதம் என்று குறித்த இடத்தில் சோதித்தால் கலவை வேறாக இருக்கிறதே?

இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஹாப்பரின் வேகத்தை மாற்றியபின், புதிய கலவை குழாயைக் கடந்து முனைக்கு வரச் சில நொடிகள் ஆகும். அந்தத் தாமதத்தை அளந்து நிரலில் சேருங்கள். மேலும், ஒவ்வோர் அடுக்கும் கீழடுக்கை உருக்கித் தன்னோடு கலந்துகொள்ளும். அதனால் திட்டமிட்ட விகிதத்தை நம்பாமல், வெட்டி மெருகேற்றிய துண்டை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் எக்ஸ் கதிர்ப் பகுப்பாய்வில் பாருங்கள். அந்த எண்ணையே அறிக்கையில் எழுதுங்கள்.

மிஞ்சிய தூளை ஹாப்பரில் திருப்பிக் கொட்டலாமா?

கூடாது. கலந்த தூளைப் பழையபடி பிரிப்பது பெரும்பாடு. அடுத்த பாகத்தின் கலவையே கெடும். தனி டப்பாவில் மூடி, பெயரெழுதி வையுங்கள். டைட்டானியம் இருந்தால் தீப்பொறி அருகே வரக்கூடாது. பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலோகத் தீக்கான டி வகை அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.